பழி மசாலாவுக்கு, ஆபத்து திராட்சையில்: பண்டிகை கேக்கும் வீட்டு நாயும்

டிசம்பர் பிறந்துவிட்டால் பெங்களூரில் காக்ஸ் டவுன், ஃப்ரேசர் டவுன், லிங்கராஜபுரம் பக்கம் நடந்தாலே கேக் வாசனை மூக்கைத் துளைக்கும். ஒன்றிரண்டு மாதம் முன்பே ரம்மில் ஊறப்போட்ட பழங்கள் மாவோடு சேர்ந்து ஓவனுக்குள் போகும் நேரம் அது. பக்கத்து வீடுகளுக்குத் தட்டுத் தட்டாகப் பிளம் கேக்கும் அச்சு முறுக்கும் குல்குல்லும் போகும். அதே வாரத்தில் அடுக்குமாடி வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தியும் சுற்றத் தொடங்கும்: “நாய்க்கு கேக் கொடுக்காதீங்க. பட்டை, கிராம்பு எல்லாம் சூடு, ஒத்துக்காது.” அதற்குக் கீழேயே யாராவது பதில் போடுவார்கள்: “எங்க டாமி வருஷா வருஷம் தின்னுது, ஒண்ணும் ஆனதில்லை.”

முதல் செய்தியில் எச்சரிக்கை சரி, சொன்ன காரணம் தப்பு. இரண்டாவது ஆள் கண்ணால் பார்த்தது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதை வைத்து எடுத்த முடிவு தப்பு. எப்படியோ நாய்க்குக் கொடுக்காமல் இருந்தால் சரிதானே, காரணம் எதுவாக இருந்தால் என்ன என்று தோன்றலாம். விஷயம் அப்படி முடிவதில்லை. மசாலாதான் வில்லன் என்று நம்புகிற வீட்டில், “இது மசாலா போடாத கேக்தான்” என்று சொல்லி கிஸ்மிஸ் நிறைந்த துண்டை நாய் வாயில் வைக்கிறார்கள். பட்டை வாசனைக்குப் பயந்தவர்கள் தாத்தாவின் சுகர் ஃப்ரீ பிஸ்கட்டைப் பற்றி யோசிப்பதே இல்லை.

ஆகவே கேக்கில் இருக்கும் பொருள்களைப் பிரித்துப் பார்ப்போம். அதற்கு முன்னால் ‘விஷம்’ என்று எதைச் சொல்கிறோம் என்பதில் ஒரு தெளிவு வேண்டும்.

மாடித் தொட்டிக் கணக்கு

நம் வீட்டு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். கீழே சம்ப்பிலிருந்து மோட்டார் தண்ணீரை ஏற்றுகிறது. குழாய் வழியே தண்ணீர் வெளியே போகிறது. தொட்டி வழியுமா வழியாதா என்பதை மூன்று விஷயங்கள் முடிவு செய்கின்றன: எவ்வளவு ஏற்றினோம், தொட்டி எவ்வளவு பெரியது, வெளியேறும் குழாய் எவ்வளவு அகலம்.

உடம்புக்குள் போகும் பொருளுக்கும் இதே கணக்குதான். உள்ளே போன அளவு ஒன்று. உடம்பின் எடை இன்னொன்று, அதுதான் தொட்டி. கல்லீரலும் சிறுநீரகமும் அந்தப் பொருளை உடைத்து வெளியேற்றும் வேகம் மூன்றாவது, அதுதான் குழாய். தொட்டி வழிகிற நிலைக்குத்தான் விஷம் ஏறியது என்று பெயர்.

மருத்துவர்கள் இதை ‘ஒரு கிலோ உடல் எடைக்கு இத்தனை மில்லிகிராம்’ என்று சொல்வார்கள். இதைக் ‘கிலோ அளவு’ என்று வைத்துக்கொள்வோம். 60 கிலோ மனிதர் ஒரு துண்டு கேக் தின்பதும், 5 கிலோ ஷிட்ஸூ அதே துண்டைத் தின்பதும் ஒன்றல்ல. நாய்க்குக் கிலோ அளவு பன்னிரண்டு மடங்கு. பக்கத்து வீட்டு லாப்ரடார் 30 கிலோ இருக்கும். அதற்கு ஒன்றும் ஆகவில்லை என்பதால் ஷிட்ஸூவுக்கும் ஆகாது என்று சொல்ல முடியாது.

தொட்டி சிறியது என்பதோடு நிற்பதில்லை. சில பொருள்களுக்கு நாயின் உடம்பில் வெளியேறும் குழாயும் ஒடுக்கம். இன்னும் சிலவற்றுக்கு நாயின் உடம்பு நம் உடம்பு செய்யாத ஒன்றைச் செய்கிறது. மனிதனுக்குப் பாதுகாப்பானது நாய்க்கு ஏன் ஆபத்து என்ற கேள்விக்குப் பதில் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

முதலில் மசாலாவை விடுவிப்போம்

பிளம் கேக்கில் போடும் பட்டை, ஏலக்காய், சுக்கு மூன்றும் கேக்கில் இருக்கும் அளவில் நாயைக் கொல்கிற பொருள்கள் அல்ல. பட்டைத் தூளை டப்பாவோடு கவிழ்த்து நக்கினால் வாய் எரியும், வயிறு கெடும். தூள் மூக்கில் ஏறினால் இருமலும் மூச்சுத் திணறலும் வரும். பட்டை எண்ணெய், கிராம்பு எண்ணெய் போன்ற செறிவான எண்ணெய்கள் வேறு ரகம். அவற்றை நாய் எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். கிராம்பில் இருக்கும் யூஜினால் என்ற பொருள் அதிகமானால் கல்லீரலைத் தாக்கும். ஆனால் கேக்கில் போடுவது மொத்தமே நாலைந்து கிராம்புதான்.

ஜாதிக்காய் மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது. அதில் மிரிஸ்டிசின் என்ற பொருள் இருக்கிறது. அளவு மீறினால் நரம்பு மண்டலத்தைக் குழப்பும்: நாய் திசை தெரியாமல் தடுமாறும், இல்லாததைப் பார்த்து மிரளும், இதயம் படபடக்கும், வாய் வறளும், வயிறு வலிக்கும், மோசமானால் வலிப்பு வரும். இது இரண்டு நாள்வரைகூட நீடிக்கலாம். கேட்கவே பயமாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் பயம் குறையும். ஒரு கேக்குக்கு அரை டீஸ்பூன், ஏறக்குறைய ஒரு கிராம், ஜாதிக்காய்த் தூள் போடுகிறோம். பத்துத் துண்டு போட்டால் ஒரு துண்டில் 0.1 கிராம். அதில் நாய்க்கு லேசான வயிற்றுக் கோளாறு வந்தாலே அதிகம்.

ஜாதிக்காயால் தொல்லை வருவது சமையலறை அலமாரியிலிருந்துதான். குழந்தைக்கு உரை மருந்தில் இழைத்துக் கொடுக்கிற பொருள் என்பதால் நம் வீடுகளில் அதை யாரும் ஆபத்தாக நினைப்பதில்லை. கல்லில் இரண்டு இழை இழைப்பதும், நாய்க்குட்டி முழுக் காயைக் கடித்து விழுங்குவதும் ஒன்றா? முழுக் காய் ஒன்றே ஏறக்குறைய ஐந்து கிராம் இருக்கும்.

சுருக்கமாகச் சொன்னால், கேக்கில் இருக்கும் மசாலாவின் கிலோ அளவு மிகக் குறைவு. டப்பாவில் இருக்கும் மசாலாதான் எட்டாமல் இருக்க வேண்டியது. கேக்கில் பார்க்க வேண்டியவை மூன்று: சாக்லேட், உலர்திராட்சை, சர்க்கரைக்குப் பதிலாகப் போடும் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி.

சாக்லேட்: குழாய் ஒடுக்கமானால்

சாக்லேட் நாய்க்கு ஆகாது என்பது பலருக்கும் தெரியும். எவ்வளவு, ஏன் என்பதில்தான் குழப்பம். கோகோவில் தியோப்ரோமின் என்ற பொருள் இருக்கிறது. காபியில் இருக்கும் கஃபீனுக்கு நெருங்கிய சொந்தம். கோகோவில் கஃபீனும் கொஞ்சம் உண்டு. உடம்பை அமைதிப்படுத்தும் அடினோசின் என்ற பொருளின் வேலையை இரண்டும் தடுக்கின்றன. அதனால் இதயமும் நரம்புகளும் ஓய்வில்லாமல் ஓடுகின்றன.

மனித உடம்பு தியோப்ரோமினை உடைத்துப் பாதியாகக் குறைக்க ஏழெட்டு மணி நேரம் எடுக்கும். இப்படிப் பாதியாகக் குறையும் நேரத்தை அரை ஆயுள் என்பார்கள். நாய்க்கு இது ஏறக்குறைய 17.5 மணி நேரம். இரவு எட்டு மணிக்கு நாய் தின்றது மறுநாள் மதியம் ஒன்றரைக்கும் பாதி மிச்சமிருக்கும். அதற்குள் இன்னொரு துண்டு தின்றால் முன்னது வடியாத தொட்டியில் மறுபடி மோட்டார் போட்ட கதைதான். பண்டிகை வாரத்தில் வீட்டுக்கு வருகிற ஒவ்வொரு விருந்தாளியும் “பாவம், பாக்குது பாருங்க” என்று ஆளுக்கொரு துண்டு கொடுப்பது இதனால்தான் சரியில்லை.

இப்போது எண்கள். கிலோவுக்கு 20 மில்லிகிராம் போனால் வாந்தி, பேதி, நிலைகொள்ளாமை தொடங்கும். 40 முதல் 50 ஆனால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். 60-ஐத் தாண்டினால் வலிப்பு. மில்க் சாக்லேட்டில் ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 2 மில்லிகிராம் தியோப்ரோமின், டார்க் சாக்லேட்டில் 5, இனிப்புச் சேர்க்காத கோகோத் தூளில் 25-க்கும் மேல். 10 கிலோ நாய்க்கு 200 மில்லிகிராம் என்பது முதல் படி. அதற்கு மில்க் சாக்லேட் 100 கிராம் வேண்டும். டார்க் சாக்லேட் 40 கிராம் போதும். கோகோத் தூள் எட்டு கிராம், அதாவது மேசைக்கரண்டி ஒன்று, ஒன்றரையே போதும். ‘சாக்லேட் தின்னுடுச்சு’ என்று மருத்துவரிடம் சொன்னால் அவர் முதலில் எந்த சாக்லேட் என்று கேட்பது இதனால்தான். பிரவுனி செய்த பாத்திரத்தை நாய்க்கு நக்கக் கொடுப்பவர்கள் கடைசி எண்ணை இன்னொரு முறை படிக்கலாம்.

ஒரு பக்கக் குறிப்பு: ஃபில்டர் காபிச் சக்கையிலும் கஃபீன் மிச்சம் இருக்கும். குப்பைக் கூடைக்கு மூடி போட இது இன்னொரு காரணம்.

உலர்திராட்சை: கணக்குக்கு அடங்காதது

இவ்வளவு நேரம் சொன்ன தொட்டிக் கணக்கு திராட்சையிடம் வரும்போது தடுமாறுகிறது. ஒரு நாய் கைநிறையத் தின்றுவிட்டு வாலை ஆட்டிக்கொண்டு போகும். அதே எடையுள்ள இன்னொரு நாய் அதைவிடக் குறைவாகத் தின்று மூன்றாம் நாள் சிறுநீரகம் செயலிழந்து படுக்கும். நீண்ட காலம் யாருக்கும் இதற்குக் காரணம் தெரியவில்லை. 2001-இல் அமெரிக்காவில் விலங்கு நச்சு ஆலோசனை மையத்தைச் சேர்ந்த மருத்துவர்கள், தங்களுக்கு வந்த அழைப்புகளின் பதிவுகளைப் பார்த்து, திராட்சைக்கும் நாயின் சிறுநீரகச் செயலிழப்புக்கும் தொடர்பு இருப்பதாக எழுதினார்கள். பூச்சிமருந்தா, பூஞ்சை நஞ்சா, உலோகமா என்று பலதையும் சந்தேகித்துப் பார்த்தார்கள். எதுவும் பொருந்தி வரவில்லை.

துப்பு கிடைத்தது வேறொரு இடத்தில். குழந்தைகள் விளையாட வீட்டிலேயே பிசைந்த களிமாவைத் தின்ற ஒரு நாய்க்குச் சிறுநீரகம் கெட்டது. அறிகுறிகள் எல்லாம் திராட்சை தின்ற நாய்க்கு வருவது போலவே. களிமாவில் திராட்சை கிடையாது. ஆனால் கிரீம் ஆஃப் டார்டார் இருந்தது. முட்டை வெள்ளையை நுரைக்க அடிக்கும்போது கேக் செய்பவர்கள் ஒரு சிட்டிகை போடும் வெள்ளைத் தூள்தான் அது. டார்டாரிக் அமிலத்தின் உப்பு. திராட்சையிலும் டார்டாரிக் அமிலம் நிறைய. 2021-இல் அதே நச்சு ஆலோசனை மையத்தின் மருத்துவர்கள் இந்த இரண்டையும் இணைத்துக் காட்டினார்கள். இப்போது டார்டாரிக் அமிலமே காரணம் என்ற விளக்கத்தைத்தான் கால்நடை மருத்துவர்கள் பெரும்பாலும் ஏற்கிறார்கள்.

ஏன் நாய்க்கு மட்டும்? நம் சிறுநீரகம் இந்த அமிலத்தைச் சுலபமாக வெளியே தள்ளிவிடுகிறது. நாயின் சிறுநீரகத்தில் இப்படிப்பட்ட அமிலங்களை வெளியேற்றும் வழி பலவீனம். அமிலம் சிறுநீரகத்தின் நுண்குழாய்களின் செல்களிலேயே தேங்கி, அவற்றைச் சாகடிக்கிறது.

ஒரு நாய் தப்புவதும் இன்னொன்று மாட்டிக்கொள்வதும் ஏன் என்பதற்கும் இதில் பாதி விடை இருக்கிறது. திராட்சையில் அமிலத்தின் அளவு ரகத்துக்கு ரகம் மாறும். காய் பழுக்கப் பழுக்கவும் மாறும். புவிசார் குறியீடு பெற்ற நம்மூர் பெங்களூர் ப்ளூ திராட்சையும், விதையில்லாப் பச்சைத் திராட்சையும் ஒன்றல்ல. ரஸல் மார்க்கெட்டில் இரண்டு கடையில் வாங்கிய கிஸ்மிஸ்கூட ஒன்றாக இருக்காது. ‘இத்தனை திராட்சை வரை பயமில்லை’ என்று எந்த மருத்துவரும் எண் சொல்லாததற்குக் காரணம் இதுதான்.

ஆனாலும் பாதிப்பு பதிவான மிகக் குறைந்த அளவுகள் உண்டு: பச்சையாகத் தின்னும் திராட்சையில் கிலோவுக்கு ஏறக்குறைய 20 கிராம், உலர்திராட்சையில் ஏறக்குறைய 3 கிராம். உலரும்போது தண்ணீர் போகிறது, அமிலம் தங்கிவிடுகிறது. இதைக் கேக்குக்குப் பொருத்திப் பாருங்கள். ஒரு கிலோ பிளம் கேக்கில் 300, 400 கிராம் உலர்பழம் போடும் வீடுகள் உண்டு. அதில் பாதிதான் திராட்சை என்று வைத்தாலும் 100 கிராம் துண்டில் 15 முதல் 20 கிராம். 5 கிலோ நாய்க்கு அந்த ஒரு துண்டே போதும். கிஸ்மிஸ், கருந்திராட்சை, சுல்தானா, விதையுள்ள பெரிய முனக்கா, பெயர் எதுவானாலும் திராட்சைதான். ஓவனில் வெந்தாலும் ரம்மில் ஊறினாலும் அமிலம் போய்விடாது. தீபாவளி லட்டிலும் பாயசத்திலும் நெய்யில் வறுத்துப் போடுவதும் இதே கிஸ்மிஸ்தான்.

இங்கே பெங்களூர்க்காரர்களுக்கு ஒரு சந்தேகம் வரும். ஐயங்கார் பேக்கரி ஃப்ரூட் கேக்கிலும் தில்பசந்திலும் சிவப்பும் பச்சையுமாக இருக்குமே டூட்டி ஃப்ரூட்டி, அது? அது சர்க்கரைப் பாகில் ஊறிய பப்பாளிக்காய். சர்க்கரை அதிகம், நாய்க்கு வேண்டாத ஒன்று; ஆனால் சிறுநீரகத்தைக் கெடுக்கிற பொருள் இல்லை. அதோடு கிஸ்மிஸும் கலந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

டார்டாரிக் அமிலம் என்றதும் தமிழ் வீட்டில் ஞாபகம் வர வேண்டிய இன்னொரு பொருள் உண்டு: புளி. புளியின் புளிப்பே பெரும்பாலும் இந்த அமிலம்தான். புளி தின்ற நாய்களுக்கும் இதே மாதிரி சிறுநீரகப் பாதிப்பு வந்ததாக மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. சாம்பார் சாதம் தின்றே வளர்ந்த நாய்கள் ஊரெல்லாம் உண்டு. அங்கே புளி கரைத்து நீர்த்துப்போனது. புளிக்காய்ச்சல், கொட்டை எடுத்த புளி உருண்டை, கரைத்துப் பிழிந்து குப்பையில் போட்ட சக்கை ஆகியவற்றின் செறிவு வேறு. புளியோதரைப் பிரசாதத்தையும் நாய்க்குப் பங்கு வைக்காமல் இருப்பது நல்லது.

இதுவரை பார்த்ததில் சாக்லேட்டுக்கு எடையை வைத்துக் கணக்குப் போடலாம். திராட்சைக்கு அப்படி நம்பிக் கணக்குப் போட முடியாது. எவ்வளவு தின்றிருந்தாலும் மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.

சைலிட்டால்: சர்க்கரை இல்லாத கேக்கில் சர்க்கரை ஆபத்து

நீரிழிவு உள்ளவர்களுக்காகச் செய்யும் கேக், பிஸ்கட், சூயிங்கம் சிலவற்றில் சர்க்கரைக்குப் பதிலாகச் சைலிட்டால் சேர்க்கிறார்கள். நமக்கு அது வெறும் இனிப்பு. நாயின் கணையம் அதைக் குளுக்கோஸ் என்று நினைத்து ஏமாந்துபோகிறது. கணையம் இன்சுலினைச் சுரக்கும் உறுப்பு. ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை எடுத்துச் செல்களுக்குள் அனுப்புவது இன்சுலின். வராத சர்க்கரைக்காக நாயின் உடம்பில் இன்சுலின் பொங்கி வர, ஏற்கனவே ரத்தத்தில் இருந்த சர்க்கரையும் காலியாகிறது. மூளைக்கு எரிபொருள் கிடைப்பதில்லை. அரை மணி நேரத்துக்குள்ளேயே நாய் தள்ளாடலாம், சுருண்டு விழலாம், வலிப்பு வரலாம்.

கிலோவுக்கு 0.1 கிராம் போனாலே இது நடக்கும். 10 கிலோ நாய்க்கு ஒரே ஒரு கிராம். கிலோவுக்கு 0.5 கிராமுக்கு மேல் போனால் கல்லீரலும் கெடலாம்.

பொட்டலத்தில் சைலிட்டால் என்றே போட்டிருக்கலாம், அல்லது உணவில் சேர்க்கும் பொருள்களுக்கான ஐஎன்எஸ் வரிசையில் 967 என்று எண் மட்டும் இருக்கலாம். மற்ற இனிப்பூட்டிகள், அதாவது ஸ்டீவியா (960), சுக்ரலோஸ் (955), மால்டிட்டால் (965), சார்பிட்டால் (420) ஆகியவை நாய்க்கு இப்படி இன்சுலினைப் பொங்கவைப்பதில்லை. அதிகம் தின்றால் பேதியாகும், அவ்வளவுதான். சுகர் ஃப்ரீ என்றாலே விஷம் என்று பதற வேண்டியதில்லை. எந்த எண் என்று பார்த்தால் போதும். வீட்டில் செய்து கொடுத்த கேக் என்றால் செய்தவரைக் கேட்டுவிடுங்கள்.

மற்ற சில

ரம், பிராந்தி ஊறிய பழத்தில் ஆல்கஹால் நிற்கும். சிறிய நாய்க்குச் சின்ன அளவே போதை ஏற்றும். ஈஸ்ட் போட்டுப் பிசைந்து மூடிவைத்த பச்சை மாவு இன்னும் மோசம்: வயிற்றின் சூட்டில் மாவு உப்பிக்கொண்டே போகும், கூடவே ஆல்கஹாலும் உண்டாகும். வெண்ணெயும் நெய்யும் ஒரே நேரத்தில் நிறைய உள்ளே போனால் கணையம் வீங்கலாம். இரண்டு நாள் விடாமல் வாந்தி, வயிற்றைத் தொட விடாது. மகடாமியாக் கொட்டை தின்ற நாய்க்குப் பின்னங்கால் தளரும். பெரும்பாலும் இரண்டு நாளில் சரியாகிவிடும். அப்புறம் பேக்கரியில் வாங்கும் காரா பன்னும் வெஜிடபிள் பஃப்பும். அவற்றில் காரத்தைவிட வெங்காயம்தான் பிரச்சினை. அது நாயின் சிவப்பணுக்களை உடைத்து ரத்தசோகையில் கொண்டுபோய் விடும்.

“எங்க தெரு நாய்க்கு ஒண்ணும் ஆகலையே”

இந்த வாதத்தை ஒதுக்கித் தள்ள எனக்கு மனமில்லை, ஏனென்றால் சொல்பவர்கள் பெரும்பாலும் நாய்கள்மேல் பிரியம் உள்ளவர்கள். டிசம்பர் 26 அன்று மீந்த கேக்கைத் தெரு நாய்களுக்கு வைப்பவர்களும் அவர்கள்தான்.

ஆனால் நாம் என்னத்தைப் பார்த்தோம்? நாய் தின்றதைப் பார்த்தோம், வாலாட்டியதைப் பார்த்தோம். திராட்சை தின்ற நாய்க்கு வாந்தி வருவது பெரும்பாலும் ஆறு முதல் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள். சிறுநீரகம் தளர்வது ஒன்று முதல் மூன்று நாளில். அப்போது அந்த நாய் எந்தச் சந்தில் படுத்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? இரண்டு நாள் கண்ணில் படவில்லையென்றால் வேறு தெருவுக்குப் போயிருக்கும் என்று நினைத்துக்கொள்வோம். வீட்டு நாய் விஷயத்திலும் ஒரு சிக்கல் உண்டு. சிறுநீரகத்துக்குக் கையிருப்பு அதிகம். அதன் வேலைத்திறனில் முக்கால் பங்கு போன பிறகுதான் கிரியாட்டினின் என்ற கழிவு ரத்தத்தில் தெளிவாக உயர்ந்து தெரியும். கொஞ்சம் கெட்டுத் தேறிய சிறுநீரகம் வெளியே எதையும் காட்டாது. டாமிக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது, ஒன்றும் வெளியே தெரியவில்லை என்பதாகவும் இருக்கலாம்.

தெரு நாய்களுக்கு ஏதாவது வைத்தே ஆக வேண்டும் என்றால் சாதமும் வேகவைத்த முட்டையும் வையுங்கள். வீட்டு நாய்க்குப் பண்டிகைச் சாப்பாடு வேண்டுமென்றால் இட்லித் துண்டு, வேகவைத்த பூசணி, உப்பு போடாத கோழி, கேரட். அதற்குப் பட்டை வாசனையெல்லாம் நம்மைப் போல ஏக்கமில்லை. தட்டிலிருந்து நம் கையால் வருகிறது என்பதுதான் அதற்கு முக்கியம்.

தின்றுவிட்டால்

அறிகுறி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அறிகுறி வரும்போது பொருள் வயிற்றைத் தாண்டிப் போயிருக்கும். வயிற்றில் இருக்கும்போதே மருத்துவர் வாந்தி எடுக்க வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பொதுவாக முதல் இரண்டு மணி நேரம் இதற்கு நல்லது. திராட்சை வயிற்றில் மெதுவாகக் கரைவதால், நேரம் தாண்டியிருந்தாலும் கூட்டிப்போங்கள்.

தொலைபேசியில் நான்கு விஷயம் சொன்னால் மருத்துவர் கணக்குப் போட்டுவிடுவார்: நாயின் எடை, என்ன தின்றது, எவ்வளவு, எப்போது. பொட்டலத்தைத் தூக்கிப்போடாமல் கூடவே எடுத்துப்போங்கள். வீட்டு கேக் என்றால் என்னென்ன போட்டீர்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

வீட்டில் செய்யவே கூடாத ஒன்று, உப்புத் தண்ணீர் புகட்டுவது. நம் பக்கத்தில் இது ஏனோ முதல் வைத்தியமாக இருக்கிறது. ரத்தத்தில் உப்பு ஏறினால் நாயின் மூளை பாதிக்கப்படும். தின்ற கேக்கைவிட அந்த உப்பே கொன்றுவிடலாம். மோர், பால், தேங்காயெண்ணெய் எதுவும் விஷத்தை முறிக்காது. இணையத்தில் ஹைட்ரஜன் பெராக்சைடு என்று படித்திருப்பீர்கள். வயிற்றுச் சவ்வைப் புண்ணாக்கும் சங்கதி, மருத்துவர் சொல்லாமல் தொட வேண்டாம். நாய் ஏற்கனவே தள்ளாடுகிறது, மயங்குகிறது என்றால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். சைலிட்டால் தின்று தளர்ந்த நாய்க்கு மட்டும், வழியில் ஈறில் கொஞ்சம் தேனோ சர்க்கரைப் பாகோ தடவச் சொல்வார்கள்.

தேடினால் முதலில் வருவது அமெரிக்க உதவி எண்கள்தான். கிறிஸ்துமஸ் இரவில் காக்ஸ் டவுனில் இருப்பவருக்கு அவை பெரிதாக உதவாது. உங்கள் பகுதியில் இரவிலும் திறந்திருக்கும் ஒரு கிளினிக்கை நவம்பரிலேயே விசாரித்து எண்ணைக் கைபேசியில் போட்டுவையுங்கள். ஹெப்பாளில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரியும் அதன் மருத்துவமனையும் இருக்கின்றன. பார்க்கும் நேரத்தை முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

திராட்சை தின்ற நாய் என்றால் வாந்தி எடுக்க வைத்ததோடு வேலை முடிவதில்லை. பெரும்பாலும் இரண்டு நாள்வரை ஊசிவழித் திரவம் ஏற்றுவார்கள், சிறுநீரகம் கழுவப்பட்டுக்கொண்டே இருக்கும். கிரியாட்டினினை முதல் நாள் ஒருமுறை பார்ப்பார்கள், பிறகு மூன்றாம் நாள் வரை தினமும் பார்ப்பார்கள். இரண்டாம் நாளே நாய் துள்ளிக்குதித்து ஓடினாலும், அந்த மூன்றாம் நாள் ரத்தப் பரிசோதனையைச் செலவு என்று விட்டுவிடாதீர்கள்.